மூத்த மாப்பிள்ளை நட்ட பந்தக்கால்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சாப்பிடும்போது காட்டைப் பற்றிப் பேசக் கூடாது. போட்டவள் நான். மீறுகிறவருக்கு ரசம் கிடையாது, நேரே மோர்தான். ரசம் இல்லாமல் சாப்பாட்டை முடிக்கத் தெரியாத மனிதர் என் புருஷன் என்பதால் சட்டம் ஓரளவு நின்றது.

சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் வனக் காவலர். கல்யாணமான புதிதில் அவருக்குச் செஞ்சிப் பக்கத்து மலைக்காட்டில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வருவார், வந்ததும் தூங்குவார், எங்களுக்குள் சண்டையே கிடையாது. சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் பிச்சாவரத்துக்கு மாற்றல் கிடைத்தது. என் அம்மா வீடு இருக்கிற குப்பம் அந்தக் காட்டின் கரையிலேயே இருக்கிறது. "மாப்பிள்ள நம்ம ஊருக்கே வந்துட்டாரு" என்று அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். லட்டு தீர்வதற்குள் ரகளை ஆரம்பித்துவிட்டது.

காரணம் என் தம்பி. அவன் அந்தக் காட்டில் படகு ஓட்டுகிறவன். தண்ணீருக்குள்ளேயே நிற்கிற காடு அது. மரங்களுக்கு நடுவே வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவான், மற்ற நாட்களில் நண்டும் இறாலும் பிடிப்பான். அப்பா செய்தது அதுதான். அப்பா போன பிறகு படகும் துடுப்பும் இவன் கைக்கு வந்தன. ஆக, என் புருஷன் காவல் காக்கிற காட்டில்தான் என் தம்பி பிழைக்க வேண்டும். இது எனக்குத் திருமணத்தின்போது யாரும் சொல்லாத விஷயம்.

சுனாமி அன்று நான் சிதம்பரத்தில் இருந்தேன். கடலோரத்தில் எந்த ஊர் இருக்கிறது, எந்த ஊர் போய்விட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. போன் போகவில்லை. மத்தியானம் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தது என் தம்பி, பின்னால் அம்மா. இருவரும் தலைமுடிவரை சேறு. தண்ணீர் காட்டுக்குள் புகுந்து அங்கேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டதாம், குப்பத்துக்கு வரும்போது முழங்கால் அளவுதான் இருந்ததாம், ஓடுகிற அவசரத்தில் வழுக்கி விழுந்த சேறாம் அது. நான் இருவரையும் கட்டிக்கொண்டு அழுததில் என் புடவையும் சேறாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காட்டின் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை நான் யாரிடமும் விளக்கியதில்லை. விளக்கினால் இவர்கள் இருவரில் ஒருவர் அதைத் தன் கட்சிக்கு ஓட்டாக எண்ணிக்கொள்வார்.

ஏனென்றால் இருவரும் அந்த ஒரே நாளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். "உங்க உசுரக் காப்பாத்துன காடு. அதுல கை வெக்கலாமா மச்சான்?" என்பார் இவர். "எங்கப்பன், எங்க தாத்தன் வெச்சிருந்த காடு மாமா. நீங்க போர்டு நட்டு நாலு நாளு ஆவல" என்பான் அவன். அப்பா காலத்தில் விறகு ஒடித்தோம், ஆடு மேய்த்தோம், காடு எங்கேயும் ஓடிப்போகவில்லை என்பது அவன் வாதம். "அப்ப ஊர்ல எத்தினி வீடு, இப்ப எத்தினி வீடு, எண்ணிப் பாரு" என்பது இவர் பதில். கணக்கு டீச்சராக நான் சொல்வது, இருவர் விடையும் சரிதான். ஆளுக்கொரு கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோடையில் அருவாள் விவகாரம் நடந்தது. குப்பத்துப் படகுத்துறையிலிருந்து ஒரு குறுகிய வாய்க்கால் காட்டுக்குள் பிரியும். இரண்டு கரையிலும் உள்ள மரக்கிளைகள் மேலே ஒன்றோடொன்று பின்னி, பட்டப்பகலிலும் உள்ளே சாயங்காலம் போல இருக்கும். வருகிறவர்களுக்கு அங்கே போகத்தான் ஆசை. ஆனால் படகில் மல்லாக்கப் படுத்தால்தான் போக முடியும். பருமனானவர்கள் படுத்துவிட்டு எழுந்திருக்கச் சிரமப்பட்டார்கள். தம்பி யோசித்தான், ஒரு காலை நேரத்தில் அருவாளோடு போய் வாய்க்காலுக்கு முடி வெட்ட ஆரம்பித்துவிட்டான். நாலு கிளை விழுந்திருக்கும். ரோந்துப் படகில் இவர் வந்து நின்றார்.

"இன்னா மச்சான் இது?"

"வழி மாமா."

"யாரக் கேட்டு?"

"எங்கப்பன் போன வழிக்கு நான் யாரக் கேக்கணும்?"

"ஒரு கொம்பு ஒடிச்சாலும் கேஸ்தான். மச்சானாச்சேன்னு பாக்க மாட்டேன்."

பார்க்கவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு, எச்சரித்து, அருவாளைப் பறிமுதல் செய்துவிட்டார். இதில் அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். அது அம்மாவின் பலாப்பழ அருவாள். அம்மா அதைத் தவிர வேறெதாலும் பலாப்பழம் அறுக்க மாட்டாள். அன்றைக்கென்று பண்ருட்டியிலிருந்து எங்கள் தாய்மாமா வீட்டார் அனுப்பிய பழம் ஒன்று, ஆட்டுக்குட்டி அளவு, வாசலில் வந்து இறங்கியிருந்தது.

அம்மா எனக்குப் போன் போட்டாள். "மாப்பிள்ளகிட்ட சொல்லு. கேசு கீசு என்னா வேணா போடட்டும். அருவாள மட்டும் அனுப்பச் சொல்லு. பழம் கனிஞ்சி வாசன தெருவத் தூக்குது."

இவரிடம் சொன்னேன். "அது கேஸ் சொத்து. ஆபீசர் கையெழுத்து இல்லாம வெளிய வராது" என்றார். முகத்தில் துளி சிரிப்பில்லை. மறுநாள் சிதம்பரம் கடைத்தெருவில் புது அருவாள் ஒன்று வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார். அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேங்கா ஒடைக்க வெச்சிக்கிறேன்" என்று ஓரமாகச் சாத்தினாள். பக்கத்து வீட்டு அருவாளை இரவல் வாங்கிப் பழத்தை அறுத்தார்கள்.

தம்பி அன்றோடு இவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டான். இவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அக்கா, உங்க வூட்டுக்காருகிட்ட சொல்லு, பேன் சுவிச்சிப் போடச் சொல்லு" என்பான். இவரும், "உன் தம்பிய தண்ணி குடிச்சிட்டுப் போவச் சொல்லு" என்பார். நடுவில் நான் ஒரு தபால்பெட்டி. எனக்கு வந்த கோபத்துக்கு இருவரையும் வகுப்பறையில் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

அடுத்த வருஷம் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. பெண் கடலூர்க்காரி. அவள் அப்பாவுக்குச் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, வீடும் அந்தப் பக்கம்தான். நிச்சயத்துக்கு முன்பு ஊரைப் பார்க்க வந்தவள் படகுத்துறையில் நின்று நெடுநேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து கேட்டேன்.

"ஒன்னுமில்ல அண்ணி. எங்க ஊர்ல ஜன்னலத் தொறந்தா இன்னிக்கு எந்தக் கம்பெனி ஓடுதுன்னு மூக்கே சொல்லிடும். இங்க ஒரு வாசனயும் வரல. அதான் பாக்குறேன்."

"சேத்து நாத்தம் வரலியா?" என்றான் தம்பி.

"இதெல்லாம் ஒரு நாத்தமா?" என்றாள். அவளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

சிக்கல் பந்தக்காலில் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு பந்தல் போட முதல் கால் நடுவது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் குப்பத்தில் அதற்கு மூங்கிலோ அரசங்கொம்போ கிடையாது. காட்டிலிருந்து பச்சையாக ஒரு வெண்கண்டல் கொம்பு வெட்டி வர வேண்டும், அதைத் தண்ணீர்க்கால் என்போம். வெண்கண்டல் என்பது சேற்றுக்கு மேலே ஆணி ஆணியாக மூச்சு வேர்களை நீட்டிக்கொண்டு நிற்கிற மரம். அந்தக் கொம்பை நட வேண்டியது வீட்டின் மூத்த மாப்பிள்ளை. வேறு யார் நட்டாலும் அந்த வீட்டில் மாப்பிள்ளையை மதிக்கவில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை வந்து நடாமல் போனாலோ, பெண் கொடுத்த வீட்டோடு உறவு முறிந்தது என்று ஊரே முடிவு கட்டிவிடும். எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே மாப்பிள்ளை. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதைச் சொல்லிவிட்டேன்.

"கொம்பு வெட்டாத கல்யாணம் எனக்கு வேணாம்" என்றான் தம்பி.

"வெட்டுன கொம்ப நான் தொட மாட்டேன்" என்றார் இவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். என் தம்பி கல்யாணத்தில் என் புருஷன் இல்லை என்றால், அதற்குப் பிறகு நான் அம்மா வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பேன்? இவர் இல்லாத பந்தலும் வேண்டாம், தம்பி முகம் வாடிய பந்தலும் வேண்டாம். இருவரையும் தனித்தனியாகப் பிடித்துத் திட்டினேன். தம்பியிடம், "உனக்கு மாமன் முக்கியமா, மரம் முக்கியமா?" என்றேன். இவரிடமும் அதையேதான் வார்த்தை மாற்றிக் கேட்டேன். இருவருமே எழுந்து போனார்கள்.

பந்தக்கால் நடுகிற அன்று காலையில் தம்பி படகை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டான். ஊர் ஜனம் வாசலில் கூடிவிட்டது. மேளக்காரர் இரண்டு முறை டீ குடித்துவிட்டார். நான் மஞ்சள் துணியில் நவதானியத்தை முடிந்து வைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் முதல் பஸ்ஸுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை.

முதலில் வந்தது தம்பி. படகைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு நடந்து வந்தான்.

"கொம்பு எங்கடா?" என்றாள் அம்மா.

"தண்ணி வத்திக் கெடக்குது. உள்ள போவ முடியல."

முந்தின நாள் பௌர்ணமி. அவன் கட்டிவிட்டு வந்த படகு எங்கள் வாசற்படி உயரத்துக்குத் தண்ணீரில் ஏறி ஆடிக்கொண்டிருந்தது. குப்பத்தில் பிறந்த கோழிக்குக்கூட அது பொய் என்று தெரியும். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன், இல்லாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

சற்று நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு இவர் இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சேறு, சேற்றில் ஒரு முழ உயரத்தில் வெண்கண்டல் கன்று. சுனாமிக்குப் பிறகு காட்டை விரிவாக்க இலாகா வளர்த்த நாற்றுகளில் மீந்தது. தன் மேலதிகாரியிடம் போய், மச்சான் கல்யாணத்துக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார். அதிகாரி சிரித்துக்கொண்டே கொடுத்தாராம். அந்த வாளியோடு முதல் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் இறக்கிவிட்டதால்தான் தாமதம்.

"இன்னா மாப்பிள்ள, பந்தக்கால் இன்னும் பள்ளிக்கூடம் போவலியா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஊரே சிரித்தது. இவர் காது சிவந்தது. வாளியை இறக்கிவைத்துவிட்டு நேராகத் தம்பியைப் பார்த்து, ஒரு வருஷம் கழித்து, நான் நடுவில் இல்லாமல் பேசினார்.

"வெட்டுனது இல்ல மச்சான். வேரோட இருக்கு. போதுமா?"

தம்பி வாளியைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு மூங்கில் கழியை எடுத்து வந்து கன்றின் பக்கத்தில் சேர்த்துக் கட்டினான். "ஒசரம் வேணும் இல்ல? புடிங்க மாமா" என்றான். இவர் நட்டார். நான் மஞ்சள் துணியைக் கட்டினேன். மேளம் பிடித்துக்கொண்டது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பந்தக்காலைப் பிடுங்கித் தண்ணீரில் விட வேண்டும். கொம்பாக இருந்தால் மிதந்து போய்விடும். இது வேருள்ள கன்று, தூக்கிப் போட மனசு வருமா? தம்பியும் கல்யாணப் பெண்ணும் படகுத்துறைக்கு வந்து, வாய்க்கால் பிரிகிற முனையில் சேற்றில் ஊன்றிவிட்டு வந்தார்கள். எந்த வாய்க்காலுக்கு வழி வேண்டுமென்று தம்பி அருவாள் எடுத்தானோ, அதே வாய்க்கால். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் கிடக்கிறவன், புதுப்பெண் பக்கத்தில் நின்றதால் எங்கே ஊன்றுகிறோம் என்பதைக் கவனிக்கவில்லை. இவரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் தோன்றவில்லை.

கன்று பிடித்துக்கொண்டது. வருஷத்துக்கு வருஷம் உயர்ந்து தம்பியின் தலையைத் தாண்டியது. கூடவே சுற்றிலும் மூச்சு வேர் ஆணிகள் முளைத்தன, ஆணிகளுக்கு நடுவே வண்டல் தங்கியது, வண்டல் மேடாகி வாய்க்காலின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது. தம்பியின் படகு உள்ளே போவதே நின்றுபோனது. அவன் வெகுதூரம் சுற்றிக்கொண்டு வேறொரு வாய்க்கால் வழியாகக் காட்டுக்குள் நுழைந்தான். சுற்றுகிறதைப் பற்றி ஒரு நாளும் முறையிடவில்லை. கேட்டால், "துடுப்பு போட்டா தொப்ப கொறையும்" என்பான். அவன் பெண்டாட்டி வெள்ளிக்கிழமைகளில் அந்த மரத்துக்குக் குங்குமம் வைத்தாள்.

பிறகு ஒரு டிசம்பர்க் கடைசியில் புயல் அடித்தது. கடலூரில் கூரைகள் பறந்தன, பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. வாய்க்கால் முனை மரம் இலை முழுதும் உதிர்ந்து, மொட்டையாக, நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு மாதத்தில் மறுபடி துளிர்த்தது.

அதற்கடுத்த கோடையில் ஒரு மத்தியானம் இவர் சாப்பிட்டுக்கொண்டே சட்டத்தை மீறினார். "அந்த மரத்த எடுத்தாவணும்" என்றார். நான் ரசப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்தேன். அவர் கவனிக்கவே இல்லை, மோரைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தார். அப்போதுதான் விஷயம் பெரிசு என்று புரிந்தது. வாய் அடைத்துப் போனதால் வாய்க்காலுக்குள் கடல் தண்ணீர் போவதில்லை. உள்ளே தேங்கிய தண்ணீர் வெயிலில் வற்றி உப்பு ஏறி, மரங்கள் காய ஆரம்பித்துவிட்டன. வாய்க்காலைத் தூர் வார வேண்டும். தூர் வாரினால் முதலில் போகவேண்டியது அந்த மரம்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் குப்பத்துக்குப் போனோம். வழியெல்லாம் இவர் வாய்க்குள் ஏதோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். படகுத்துறையில் தம்பியும் அவன் பெண்டாட்டியும் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், அந்த மரத்த எடுத்தாவணும்" என்றார், ஒத்திகை பார்த்த எதுவும் நினைவில்லாமல்.

தம்பி வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஒரு கொம்பு ஒடிச்சாலும் கேஸ்தான் மாமா. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீசர் சொல்லியிருக்காரு. மச்சானாச்சேன்னுகூட பாக்க மாட்டாராம்."

"வெளையாடாத. உள்ள போய்ப் பாத்தியா? எல்லாம் காயுது."

"பாத்தேன்."

"ஒரு மரத்துக்காவ அத்தினி மரத்த உட முடியுமா?"

"அத்தினி மரமும் உங்க காடு. இது எங்க வூட்டு பந்தக்கால்" என்றான் தம்பி. "காட்டுல கை வெக்காதன்னு சொல்லிச் சொல்லி என் கைய கட்டிப் போட்டுட்டு, இப்ப நீங்க வந்து வெட்டணும்ன்றீங்க."

அவன் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பாக ஏதாவது சொல்வேன் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து வலையின் ஒரு முனையைப் பிடித்துப் பிரிக்க ஆரம்பித்தேன். இவர் பைக்கின் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், அம்மாவின் அருவாள்.

"கேஸ் எப்பவோ முடிஞ்சிடுச்சி. ஸ்டோர்ல கெடந்தத நேத்து கையெழுத்துப் போட்டு வாங்கினேன்" என்றார். அருவாளைத் தம்பியிடம் நீட்டினார். "நட்டவன் நான். என்னால வெட்ட முடியாது மச்சான். வெட்டணும்னா நீ வெட்டு. வேணாம்னா வேணாம்னு சொல்லு, நான் மேல எழுதிப் பாக்கறேன்."

தம்பி அருவாளை வாங்கினான். கட்டை விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான்.

"துருப் புடிச்சிப் போச்சி மாமா. இதுக்கு ஒரு எலகூட அறுபடாது" என்றான்.

அருவாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். நாங்கள் பின்னாலேயே போனோம். அந்த வருஷம் பலாப்பழம் கிடைப்பதே அபூர்வம், புயலுக்குத் தப்பிய ஏதோ ஒரு மரத்துப் பழத்தை மாமா வீட்டார் அனுப்பியிருந்தார்கள். அம்மா அருவாளைப் பார்த்ததும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. புளியைத் தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவி, பழத்தின் நடுவே வைத்து ஒரே அழுத்து. பழம் இரண்டாகப் பிளந்து வாசலில் உருண்டது. தம்பி பார்வையை மோட்டுவளையில் வைத்திருந்தான். இவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, அவனையே பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். சுளை தொண்டையில் சிக்கி, தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

சாயங்காலம் தண்ணீர் வற்றியதும் மாமனும் மச்சானும் முழங்கால் சேற்றில் இறங்கிக் கழி ஊன்றிப் பார்த்தார்கள். மரத்தை விட்டு ஒதுங்கி வாய்க்காலை வளைத்து வெட்டினால் தண்ணீர் போகுமா என்று. கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் போகும். மேலதிகாரியிடம் இவர் அப்படியே சொல்லிக் கேட்டார், அனுமதி கிடைத்தது. மழைக்கு முன்பே தூர் வாரி முடித்தார்கள். உள்ளே காய்ந்த மரங்களில் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன.

இப்போது அந்த வாய்க்காலுக்குள் நுழைகிற படகு எதுவானாலும் முனையில் ஒருமுறை வளைந்துதான் போக வேண்டும். நான் போயிருந்த ஒரு நாளில் படகில் இருந்தவர் தம்பியைக் கேட்டார், நேராக வெட்டியிருக்கலாமே, யார் இப்படிக் கோணலாக வெட்டியது என்று.

"அது எங்க மாமா நட்ட பந்தக்கால் சார்" என்றான் தம்பி. "தலையக் குனிஞ்சிக்கோங்க, கொம்பு இடிக்கும்."